வருத்தப்பட்டால் மட்டும் போதுமா?

(இலங்கை ஜனாதிபதித் தேர்தல்களைப் பற்றி ஒரு பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நம்மைப் பேசச் சொன்ன விஷயம், ஒருவரைத் தலைவராக்க ஓட்டுப் போட்ட ஜனங்கள் பின்னால் அதற்காக வருத்தப்படுவது ஏன் என்பதாகும். இதைப் பற்றிப் பேச நாம் பெரிய பட்டங்கள் பெற்றவர்கள் அல்ல. பத்திரிகையில் படித்ததும், தேர்தல் இலாகா வெளியிட்ட கணக்கும், யோசித்துப் பார்த்ததும்தான் நமது படிப்பு. ஆகையால் நாம் சொல்லுகிறோம் என்பதற்காக நீங்கள் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் புத்திக்குச் சரி என்று பட்டதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

நம் நாட்டில் ஜனாதிபதிக்கு நீங்களும் நாமும் ஓட்டுப் போடுவதில்லை. பார்லிமெண்டு, சட்டசபை மெம்பர்கள்தான் போடுகிறார்கள். ஆனால் கடலுக்கு அக்கரையில் இருக்கும் இலங்கையில் ஜனங்களே நேராக ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1982-ம் வருஷம் முதல் இப்படி நடக்கிறது. அந்த ஜனாதிபதிக்கு நிறைவேற்று அதிகார ஜனாதிபதி என்று பெயர். ஆணைப் பெண்ணாக்குவது ஒன்றைத் தவிர மற்றெல்லாம் அவரால் முடியும் என்று அந்த நாட்டிலே பேச்சு உண்டு. அவ்வளவு அதிகாரமுள்ள ஒரு நாற்காலிக்கு ஆள் பிடித்து உட்கார வைத்துவிட்டு, பிறகு தலையில் அடித்துக்கொள்வது எப்படி நேருகின்றது என்று பார்ப்போம். அங்கே இருப்பவர்களும் நம்மைப் போன்ற மனிதர்களே; அவர்களுக்கு நேர்ந்தது நமக்கு நேராது என்று எவனும் மார்தட்ட முடியாது.

69 லட்சம் பேர்

2019-ம் வருஷம் நவம்பர் மாதம் 16-ந் தேதி நடந்த தேர்தலில் கோத்தாபய ராஜபக்ஷ என்பவருக்கு 69,24,255 ஓட்டுகள் கிடைத்தன. நூற்றுக்கு 52-க்கு மேல். அவர் முன்பு எந்தத் தேர்தலிலும் நின்றவரல்ல. பட்டாளத்திலிருந்தவர், அண்ணன் ஜனாதிபதியாயிருந்தபோது பாதுகாப்பு இலாகாவின் காரியதரிசியாயிருந்தவர். அவர் ஜெயித்தவுடன் ஊரெல்லாம் பாற்சோறு பொங்கினார்கள், வெடி வெடித்தார்கள், இளைஞர்கள் தெருச் சுவர்களில் சித்திரம் எழுதினார்கள்.

இரண்டே முக்கால் வருஷம்கூட ஆகவில்லை. 2022-ம் வருஷம் ஜூலை மாதம் 9-ந் தேதி ஜனங்கள் அலை அலையாக வந்து அவருடைய மாளிகைக்குள் புகுந்தார்கள். அங்கேயிருந்த குளத்தில் குளித்தார்கள். அவருடைய கட்டிலில் படுத்துப் பார்த்தார்கள். 13-ந் தேதி விடிவதற்கு முன் அவர் பட்டாள விமானத்தில் மாலத்தீவுக்கு ஓடினார். அடுத்த நாள் சிங்கப்பூரிலிருந்து ராஜினாமாக் கடிதம் அனுப்பினார்.

பிறகு 2024-ம் வருஷம் செப்டம்பரில் நடந்த தேர்தலில் அதே கட்சியின் பேரால், அதே குடும்பத்துப் பிள்ளை நின்றார். அவருக்குக் கிடைத்தது 3,42,781 ஓட்டு. 69 லட்சம் எங்கே, மூன்றரை லட்சம்கூட இல்லாதது எங்கே! மற்றவர்களெல்லாம் எங்கே போனார்கள்? "நாங்கள் ஏமாற்றப்பட்டோம்" என்று சொல்லிக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டார்கள்.

தோழர்களே! இந்த "ஏமாற்றப்பட்டோம்" என்கின்ற வார்த்தையைத்தான் நாம் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். யார் ஏமாற்றியது? எதைச் சொல்லி ஏமாற்றியது? அதை நம்பினவர்கள் ஏன் நம்பினார்கள்?

எதைப் பார்த்து ஓட்டுப் போட்டார்கள்?

2019-ம் வருஷம் ஏப்ரல் 21-ந் தேதி, ஈஸ்டர் பண்டிகையன்று, மதவெறி பிடித்த சிலர் சர்ச்சுகளிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்து 250-க்கு மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். கொடுமையிலும் கொடுமை. நாட்டில் எல்லோருக்கும் பயம் பிடித்துக்கொண்டது வாஸ்தவம். ஆனால் அந்தப் பயத்தைக் கொண்டு என்ன செய்தார்கள்? குற்றம் செய்தவன் யார், எச்சரிக்கை வந்தும் தடுக்காமலிருந்த அதிகாரி யார் என்று கேட்பதை விட்டுவிட்டு, அந்த மதத்தில் பிறந்த கடைக்காரன், வைத்தியன், உபாத்தியாயர் எல்லோரையும் எதிரி என்றார்கள். அடுத்த மாதமே முஸ்லிம் வைத்தியர் ஒருவர் 4,000 சிங்களப் பெண்களை இரகசியமாக மலடாக்கிவிட்டார் என்று ஒரு பத்திரிகை எழுதியது. அவரைப் பிடித்து அடைத்தார்கள். விசாரித்த போலீசாருக்கு ருசு அகப்படவில்லை. ஆனால் ருசுவைத் தேடியது போலீசுதானே தவிர, கதையைக் கேட்டவர்கள் யாரும் தேடவில்லை.

போதாததற்குத் தேர்தல் சமயத்தில், களனி ஆற்றில் ஒரு நாகப்பாம்பு புனிதப் பொருளைக் கொண்டுவந்து கொடுத்தது என்று டெலிவிஷனில் காட்டினார்கள். நாட்டை ரட்சிக்க ஓர் அரசன் வரப்போவதற்கு அது அடையாளம் என்று பேசினார்கள். பாம்புக்கு ஓட்டர் லிஸ்டு யார் கொடுத்தார்கள் என்று கேட்க ஆள் இல்லை!

ஆகவே, ஜனங்கள் தேடியது கணக்குத் தெரிந்த நிர்வாகியை அல்ல. பயத்தைப் போக்கும் ஒரு வீரனை. தம் இனத்தைக் காக்கும் ஓர் அரசனை. அதற்குத் தக்கபடியே அவரும் அநுராதபுரத்தில், பழைய ராஜா கட்டிய பௌத்த ஸ்தூபியின் முன்னால் பிரமாணம் எடுத்துக்கொண்டார். சிங்களவர் ஓட்டினாலேயே ஜெயித்தேன் என்பதை அங்கேயே வெளிப்படையாகவும் சொன்னார். இதில் அவர் ஏமாற்றினார் என்று எப்படிச் சொல்ல முடியும்? அவர்கள் கேட்டதையே அவர் கொடுத்தார்.

சொன்னதையும் செய்தார், சொல்லாததையும் செய்தார்

வரியைக் குறைப்பேன் என்று சொல்லியிருந்தார். வந்தவுடன் 15 சதவிகிதமாயிருந்த வாட் வரியை 8 சதவிகிதமாக்கினார். வேறு வரிகளையும் எடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். சர்க்காருக்கு வரும் பணத்தில் இவ்வளவு துண்டு விழுந்தால் வாங்கிய கடனுக்கு எங்கிருந்து வட்டி கட்டுவார் என்று எத்தனை பேர் கேட்டார்கள்? வீட்டில் மகன், "அப்பா, இனிமேல் நிலத்துக் குத்தகையைப் பாதியாக்கிவிட்டேன், கடன்காரனைப் பற்றிக் கவலைப்படாதே" என்றால், எந்தத் தகப்பனாவது கை தட்டுவானா?

இயற்கை எருவைக் கொண்டு விவசாயம் செய்ய 10 வருஷத்தில் படிப்படியாக மாறுவோம் என்று தேர்தல் அறிக்கையில் இருந்தது. 2021-ம் வருஷம் மே மாதத்தில் ஒரே உத்தரவில் இரசாயன உரம் வருவதையே தடுத்துவிட்டார். பத்து வருஷத்துக் காரியம் ஒரு போகத்திலா நடக்கும்? நெல்லும் குறைந்தது, தேயிலையும் குறைந்தது. அந்த வருஷம் நவம்பரில் தடையை எடுத்தார்கள். ஆனால் வாடிய பயிர் உத்தரவைப் படித்துவிட்டுப் பச்சையாகுமா?

தொற்றுநோய் வந்தபோது, காளி சொன்னதாக ஒருவர் தேனும் ஜாதிக்காயும் கலந்த பாணி ஒன்றைக் கொடுத்தார். ஆயிரக்கணக்கான பேர் கியூவில் நின்றார்கள். நாட்டின் சுகாதார மந்திரியே அதைப் பகிரங்கமாகக் குடித்தார். நோய் நீங்க மந்திரித்த தண்ணீரைப் பானையோடு ஆற்றிலும் விட்டார். 2021-ம் வருஷம் ஜனவரியில் அவருக்கே அந்த நோய் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். நோய் வந்தவரைப் பார்த்து நாம் சிரிக்கவில்லை. நாட்டின் வைத்திய இலாகாவை யார் கையில் கொடுத்திருந்தார்கள் என்பதற்காகச் சொல்லுகிறோம்.

கடைசியில் 2022-ம் வருஷம் ஏப்ரல் 12-ந் தேதி, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று சர்க்கார் கையை விரித்தது. பெட்ரோலுக்குக் கியூ, சமையல் காஸுக்குக் கியூ, பால்மாவுக்குக் கியூ. கியூவில் நின்றபடியே விழுந்து செத்தவர்களும் உண்டு. அந்த செப்டம்பரில் சாமான்களின் விலை, முந்தின வருஷத்தைவிட நூற்றுக்கு 70 அளவு ஏறியிருந்தது. எல்லாப் பழியையும் ஒரு மனிதர் மேலேயே போடுவது நியாயமல்ல. முன்னிருந்தவர்கள் வாங்கி வைத்த கடனும், குண்டு வெடிப்பாலும் நோயாலும் வெளிநாட்டு யாத்திரிகர்கள் வராமற்போனதும் காரணந்தான். ஆனாலும் 2023-ம் வருஷம் நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே, அவரும் அவர் சகோதரர்களும் சில உயர்ந்த அதிகாரிகளும் ஜனங்கள் வைத்த நம்பிக்கைக்கு விரோதமாக நடந்தார்கள் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது.

வருத்தம் எப்போது வந்தது?

தோழர்களே! இதுதான் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது.

அதே தொற்றுநோய்க் காலத்தில், 2020-ம் வருஷம் ஏப்ரல் முதல், நோயால் செத்தவர்கள் எந்த மதத்தாராயினும் பிணத்தைக் கொளுத்தியே தீரவேண்டும் என்று அந்தச் சர்க்கார் உத்தரவிட்டது. புதைத்தால் நிலத்தடித் தண்ணீர் வழியாக நோய் பரவுமாம். புதைக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லியிருந்தது. அதைக் கேட்கவில்லை. 200-க்கு மேற்பட்ட முஸ்லிம்களின் பிணங்கள் சொந்தக்காரர்கள் கதறக் கதறக் கொளுத்தப்பட்டன. பிறந்து 20 நாளான ஒரு குழந்தையும் அதில் ஒன்று. பிணத்தைப் புதைப்பதா எரிப்பதா என்பதில் நமக்கு ஒரு பக்தியும் இல்லை. செத்தவனுக்கு எதுவும் தெரியப்போவதில்லை. ஆனால் இருப்பவனுடைய மனத்தை, ஒரு விஞ்ஞான ஆதாரமும் இல்லாமல், அவன் இன்ன மதத்தான் என்பதற்காகச் சுடுவதற்கு யாருக்கு என்ன யோக்கியதை இருக்கின்றது?

அந்த உத்தரவு 2021-ம் வருஷம் பிப்ரவரி வரை இருந்தது. அப்போது அந்த 69 லட்சம் பேரில் எத்தனை பேர் தெருவுக்கு வந்தார்கள்? எத்தனை பேர் "அய்யோ, தப்பான ஆளுக்குப் போட்டுவிட்டோமே" என்றார்கள்? எதிர்த்துப் பேசிய சிங்களத் தோழர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களை நாம் வணங்கா விட்டாலும் மதிக்கிறோம். ஆனால் பெரும்பாலோர் பேசாமலிருந்தார்கள். யுத்தத்தில் காணாமற்போன பிள்ளைகளின் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு வடக்கே தாய்மார்கள் வருஷக்கணக்காக ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தபோதும் அவர்களுக்கு வருத்தம் வரவில்லை. வருத்தம் வந்தது, அடுப்பில் காஸ் தீர்ந்தபோது!

அடுத்தவன் வீடு எரியும்போது வராத ஞானம், தன் வீட்டுக் கூரையில் பொறி விழுந்தபிறகு வந்தால், அதற்கு ஞானம் என்று பெயரா, சூடு என்று பெயரா? வயிற்றெரிச்சலால் வந்த வருத்தம் வயிறு நிறைந்ததும் போய்விடும். புத்தியால் வந்த வருத்தந்தான் நிற்கும். அந்தப் போராட்டத் திடலிலேயே சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டதும், பழைய அநியாயங்களைப் பற்றிச் சிலர் வெட்கத்தோடு பேசியதும் நாம் படித்தோம். அதுதான் நல்ல வருத்தம்.

நாற்காலியின் கதை

இது ஒரு மனிதரின் கதை மாத்திரம் அல்ல. 1982-ம் வருஷம் அக்டோபரில் ஜே.ஆர். ஜயவர்தன அவர்களை நூற்றுக்கு 52-க்கு மேற்பட்டவர் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டே மாதம் கழித்து, பார்லிமெண்டுத் தேர்தலே வேண்டாம், இருக்கிற மெம்பர்களே இன்னும் 6 வருஷம் இருக்கட்டும் என்று ஓட்டெடுப்பு வைத்தார். சரி என்றால் விளக்கு. கூடாது என்றால் பானை. விளக்கு ஜெயித்தது. ஜனங்கள் தங்கள் ஓட்டையே ஓட்டுப் போட்டு ஒத்திவைத்தார்கள். இதைவிட வேடிக்கை உலகத்தில் உண்டா?

பிறகு 1994-ம் வருஷம் சந்திரிகா குமாரதுங்க அம்மையார், இந்த நாற்காலியையே எடுத்துவிடுவேன் என்று சொல்லி நூற்றுக்கு 62 ஓட்டு வாங்கினார். 2005 வரை அதே நாற்காலியில் இருந்துவிட்டு இறங்கினார். 2005-ல் மகிந்த ராஜபக்ஷவும் அதை மாற்றுவதாகச் சொன்னார். 2010-ல் அவர் செய்தது, ஒருவர் இரண்டு தடவைக்கு மேல் ஜனாதிபதியாகக் கூடாது என்றிருந்த தடையை எடுத்ததுதான். 2015-ல் வந்த மைத்திரிபால சிறிசேன அதிகாரத்தைக் கொஞ்சம் குறைத்தார், அதற்காக மெச்சவேண்டியதுதான். ஆனால் 2018-ம் வருஷம் அக்டோபரில், தாம் யாரைத் தோற்கடிக்க ஓட்டு வாங்கினாரோ அவரையே கூப்பிட்டுப் பிரதம மந்திரியாக்கினார். பார்லிமெண்டையும் கலைத்தார். அது சட்டத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லித்தான் நின்றது. 2020-ல் கோத்தாபய குறைத்த அதிகாரத்தை மறுபடியும் வாங்கிக்கொண்டார்.

எல்லோரும் வெளியே நின்றபோது, "நாற்காலி பொல்லாதது" என்றார்கள். உட்கார்ந்தபின், "நாற்காலி நல்லது, முன்னால் உட்கார்ந்தவன் பொல்லாதவன்" என்றார்கள். ஜனங்களோ ஒவ்வொரு தடவையும் ஆளை மாற்றினார்களே ஒழிய நாற்காலியைப் பற்றிய கேள்வியைப் பிடித்தபிடியாய்ப் பிடிக்கவில்லை.

தமிழர்களும் விதிவிலக்கல்ல

சிங்களவரை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் கையைத் தட்டிக்கொண்டு போனால் அது யோக்கியமாகாது. 2005-ல் விடுதலைப் புலிகள் சொன்ன பகிஷ்காரத்தால் வடக்கே தமிழர்களில் பெரும்பாலோர் ஓட்டுப் போடவே போகவில்லை. ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் வித்தியாசம் இரண்டு லட்சத்துக்கும் குறைவு. போடாத ஓட்டும் ஒரு ஓட்டுத்தான் என்பது பிறகு தெரிந்தது. 2010-ல், தங்கள் மேல் யுத்தம் நடத்திய பட்டாளத்தின் தளபதியாயிருந்த சரத் பொன்சேகாவுக்கே யாழ்ப்பாணத்தில் அதிக ஓட்டுப் போட்டார்கள். ஏன்? மற்றவர் மேலிருந்த கோபம். ஒருவன் மேல் கோபித்துக்கொண்டு இன்னொருவனுக்குப் போடுகிற ஓட்டு, மாமியார் மேல் கோபித்துக்கொண்டு பானையைப் போட்டு உடைப்பது போன்றது. கோபம் நியாயமானதாயிருக்கலாம், ஆனால் உடைந்தது நம் பானைதானே?

கோடாங்கியை மாற்றுவதா?

ஒரு கிராமத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று கோடாங்கியிடம் போனான் ஒருவன். கோழியும் கொடுத்தான், ரூபாயும் கொடுத்தான். குழந்தை செத்துப்போயிற்று. "பாவி, ஏமாற்றிவிட்டான்" என்று வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டான். அடுத்த குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. அப்போதாவது ஆஸ்பத்திரிக்குப் போனானா? இல்லை. பக்கத்து ஊரில் நல்ல கோடாங்கி இருக்கிறானாமே என்று அங்கே போனான். இவன் வருத்தப்பட்டது வாஸ்தவம், அழுததும் வாஸ்தவம். ஆனால் கோடாங்கியின் பேரிலிருந்த நம்பிக்கை போயிற்றே தவிர, கோடாங்கித்தனத்தின் பேரிலிருந்த நம்பிக்கை போகவில்லை. ஜனாதிபதியை மாற்றி மாற்றிப் பார்க்கும் ஜனங்களின் வருத்தமும் இப்படித்தான் இருக்கின்றது.

இதைச் சொல்ல நமக்கு யோக்கியதை உண்டா என்று நீங்கள் கேட்கலாம். நாமும் ஒரு காலத்தில் இந்தத் தப்பைச் செய்தவர்கள்தான். ஒரு பஞ்சாயத்துத் தேர்தலில் ஓர் அபேட்சகருக்காக வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டோம். அவர் மேடையில் நன்றாகப் பேசுவார். நம் கட்சிக்காரர்களுக்குச் சோடா வாங்கிக் கொடுப்பார். அதற்கு மேல் நாம் அவரைப் பற்றி விசாரிக்கவில்லை. கூலிக்காரர்கள் இருக்கும் தெருவில் ஒரு கிணறு வெட்டித் தருவதாகச் சொன்னார். ஜெயித்தார். வருஷம் இரண்டாயிற்று; கிணறு வரவில்லை. ஒரு நாள் அந்தத் தெருக் கிழவி ஒருத்தி, இடுப்பில் குடத்தோடு நம்மை வழியிலே நிறுத்தினாள். "தம்பி, அந்த ஆளை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. நீ வந்து கேட்டாயே என்று உன் முகத்துக்காகப் போட்டேன். கிணறு எங்கே?" என்றாள். "அவர் எங்களையும் ஏமாற்றிவிட்டார், அம்மா" என்றோம். "அவன் உன்னை ஏமாற்றினான். என்னை ஏமாற்றினது நீதானே?" என்றாள். அதற்குப் பதில் சொல்ல அன்றைக்கும் நமக்கு வாய் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை.

தோழர்களே! ஓட்டுப் போட்டவன் தன்னை மட்டும் நஷ்டப்படுத்திக்கொள்வதில்லை. எதிர்த்துப் போட்டவனையும், ஓட்டே இல்லாத குழந்தையையும் சேர்த்து நஷ்டப்படுத்துகிறான். ஆகையால் "நான் ஏமாந்தேன்" என்று சொல்லிவிட்டுப் படுத்துத் தூங்க அவனுக்கு உரிமை கிடையாது.

என்ன செய்வது?

ஆகவே வருத்தப்படுவது தப்பல்ல. வருத்தமே படாமல், "நான் போட்டவன் எப்படித் தப்பாவான்" என்று சாகும் வரை சாதிக்கிறவனைவிட வருத்தப்படுகிறவன் மேல். ஆனால் வருத்தம் கேள்வியாக மாறவேண்டும். "யார் வருவார், யார் காப்பாற்றுவார்" என்பதை விட்டு, "என்ன செய்வாய், எந்தப் பணத்தில் செய்வாய், எத்தனை நாளில் செய்வாய், செய்யாவிட்டால் உன்னை இறக்க வழி என்ன" என்று கேட்க வேண்டும். மாடு வாங்கப் போகிறவன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான்; ஏரில் பூட்டி ஓட்டிப் பார்க்கிறான். மாட்டுக்காரன் நம் ஜாதி என்று பார்த்து நொண்டி மாட்டை வாங்குகிறவன் உண்டா?

2024-ம் வருஷம் அந்த ஜனங்கள் அனுர குமார திசாநாயக்க அவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 2019-ல் அவருக்கு 4,18,553 ஓட்டு. 2024-ல் முதல் எண்ணிக்கையிலேயே 56,34,915 ஓட்டு. நவம்பரில் நடந்த பார்லிமெண்டுத் தேர்தலில் அவருடைய தேசிய மக்கள் சக்திக்கு 225-ல் 159 ஸ்தானம். தமிழர்களும் நிறையப் போட்டிருக்கிறார்கள். இவரும் அந்த நாற்காலியை எடுத்துவிடுவதாகச் சொல்லியே வந்தவர். அவர் நல்லவரா கெட்டவரா என்று ஜோசியம் சொல்ல நாம் வரவில்லை. நாம் சொல்லுவது, நல்லவராயிருந்தாலும் கேளுங்கள் என்பதே. கணக்குக் கேட்டால் நல்லவனுக்குக் கோபம் வராது. வந்தால் அவன் நல்லவன் அல்ல என்று அன்றைக்கே தெரிந்துபோகும். ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் பாற்சோறு பொங்குவதைக் குறைத்துக்கொண்டு, சொன்ன வாக்குறுதிகளை ஒரு காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்தால், அடுத்த தடவை அழவேண்டிய அவசியம் குறையும்.

தலைவரைத் தெய்வமாக்கினவன்தான் பின்னால் அவரைப் பிசாசு என்கிறான். ஆரம்பத்திலேயே மனிதனாக வைத்திருந்தால், தப்புச் செய்தபோது மனிதனைத் திருத்துவது போலத் திருத்தலாம். திருந்தாவிட்டால் வேலைக்காரனை நிறுத்துவது போல நிறுத்தலாம். மாளிகைக்குள் புகுந்து கட்டிலில் படுக்க வேண்டிய நிலைமை வரவே வராது.

நாம் சொன்னதை யோசித்துப் பாருங்கள். சரியாயிருந்தால் உங்கள் தெருவில் நாலு பேருக்குச் சொல்லுங்கள். தப்பாயிருந்தால் நம்மிடமே வந்து சொல்லுங்கள், திருத்திக்கொள்ளத் தயாராயிருக்கிறோம்.